செல்லிடத்துச் சினம்

வெகுளியைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் மன்னர் வெகுளியையும் முனிவர் வெகுளியையும் எடுத்துக்கொள்வர். அவற்றிற்கு மேலாகக் கண்ணகியின் வெகுளியை எடுத்துக்கொள்வர். அவை பெரிய வெகுளிகள். நகரை எரித்தன; குலத்தை அழித்தன; காவியங்களுக்குக் கருவாயின. மாலை ஆறரை மணிக்குக் கையில் பையுடன் மாடிப்படி ஏறி வீட்டினுள் நுழையும் ஓர் எழுத்தர், காலடியில் வந்து நின்ற பூனையின்மேல் காட்டும் வெகுளியை இலக்கியக் கூட்டங்களில் எவரும் பேசக் கேட்டதில்லை. அப்பொருளில் நமக்குச் சற்றே அநுபவம் உண்டாதலின், மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது இதனையே எழுதத் துணிந்தோம்.

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில், அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் நாம் குடியிருக்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் நம் மகள் படிக்கட்டின் அடியிலிருந்து ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்தாள். பூனைக்குப் பழந்தமிழில் பூசை என்றொரு பெயர் உண்டு என்று நாம் சொல்லி வைக்க, அதுவே அதன் பெயராயிற்று. அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அப்பெயரைக் கேட்டு, பூசா ரோட்டில் கண்டெடுத்த பூனை போலும் என்று இன்றளவும் நம்பிக்கொண்டிருக்கின்றார். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட எண்ணிய பூசையாகக் கம்பர் தம்மையே அவையடக்கத்தில் உவமித்துக்கொண்டார். ஆகவே பெயர் இலக்கியத் தகுதி உடையதே.

மறு ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள். அலுவலகத்தில் நாம் எழுதிய குறிப்பு ஒன்று மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. வந்ததோடு அமையாமல், நம்மினும் இருபது வயது இளைய பணியாளர் நால்வர் முன்னிலையில், பட்டம் பெற்ற நமக்கு ஒரு வாக்கியம் நேராக எழுத வரவில்லை என்ற உரையும் உடன் வந்தது. நாம் மறுமொழி கூறவில்லை. “ஜீ சார்” என்றோம். பேருந்தில் நின்றுகொண்டே வீடு வந்தோம். மின்சாரம் இல்லை, கூலர் நின்றிருந்தது. தாயாரின் மருத்துவச் செலவுப் பில்களை மேசைமேல் பரப்பி எண்ணிட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது பூசை மேசைமேல் தாவிற்று, மோர் டம்ளர் கவிழ்ந்தது, பில்கள் நனைந்தன. கையில் இருந்த மர அளவுகோலை எறிந்தோம். அஃது அதன் முன்னங்காலில் பட்டது. எலும்பு முறியவில்லை என்று கால்நடை மருத்துவர் மறுநாள் சொன்னார். நான்கு நாள் நொண்டிற்று.

இல்லாள் நம்மைக் கடியவில்லை. “அங்கே எறிய முடியாததை இங்கே எறிந்துவிட்டீர்களாக்கும்” என்று மட்டும் கூறிவிட்டு, பில்களை ஒவ்வொன்றாகக் கொடியில் உலர்த்தினாள். மிகுதியாகப் படித்தவள் அல்லள். ஆயினும் திருக்குறளின் வெகுளாமை அதிகாரத்து முதற் குறளுக்கு இதனினும் தெளிந்த உரையை நாம் கேட்டதில்லை.

அக்குறள் செல்லிடம், அல்லிடம் என இரண்டு இடங்களைப் பிரிக்கின்றது. சினம் பலிக்கும் இடத்தில் அதனைக் காப்பவனே காப்பவன். பலியாத இடத்தில் காத்தால் என்ன, காவாது விட்டால் என்ன என்று வள்ளுவர் கேட்கின்றார். செல்லிடம் என்பதற்கு எளியார் என்றும், அல்லிடம் என்பதற்கு வலியார் என்றும் பரிமேலழகர் பொருள் காண்பார். துறவறவியலில் நின்ற அதிகாரமாதலின் தவத்தால் வரும் எளிமையையும் வலிமையையுமே அவர் கருதினார். இல்லறத்தாராகிய நமக்கு அளவை தவம் அன்று, சம்பளப் பட்டியல். மேலதிகாரியின் முன் நாம் காத்த பொறுமைக்கு வள்ளுவர் ஒரு மதிப்பெண்ணும் இடவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம். மாலை வரை அதனைப் பெரும் பொறுமை என்றே எண்ணியிருந்தோம்.

வீட்டினுள்ளும் செல்லிடங்கள் பல உண்டு. அவை ஒரு தரத்தன அல்ல. மனைவி திருப்பிப் பேசுவாள். மகள் அழுவாள், அவ்வழுகை நம் கையைப் பிடித்து நிறுத்தும். பூனை பேசுவதும் இல்லை. நாளை அலுவலகத்தில் எவரிடமும் சொல்வதும் இல்லை. செல்லிடங்களுள் எல்லாம் கடைசிச் செல்லிடம் வீட்டு விலங்குதான். இந்தி பேசும் நாட்டார் இதனைப் பழமொழியாகவே வைத்திருக்கின்றனர்: குயவன் தன் மனைவியை வெல்ல மாட்டாமல் கழுதையின் காதைத் திருகினானாம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் வெகுளியை ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களன்களை நான்காக வரையறுத்தார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பைக் குறைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்துத் துன்புறுத்தல், கொல்லுதல் என்பன அவை. மோர் டம்ளரைக் கவிழ்த்தல் இந்நான்கனுள் எதிலும் அடங்காது. வீட்டில் வளரும் உயிர்கள் செய்யும் பிழைகளை எண்ணிப் பாருங்கள்: பாலைக் குடித்தல், செருப்பைக் கடித்தல், மெத்தையை நனைத்தல், நள்ளிரவில் குரைத்தல். ஒன்றேனும் தொல்காப்பியர் பட்டியலில் ஏறுமா? ஆனால் வைதலையும் அலை என்பதனுள் அடக்கலாம் எனக் கொண்டால், அன்று நம் வெகுளிக்கும் இலக்கணம் ஒப்பும் களன் ஒன்று இருந்ததுதான். களன் இருந்த இடம் வேறு; வெகுளி வெளிப்பட்ட இடம் வேறு. இடையில் அது நம்மோடு பேருந்தில் பயணச் சீட்டின்றி வந்திருக்கின்றது.

அந்த வாரத்தில் நம் மகள் இந்திப் பாடத்திற்காக ஒரு சிறுகதை படித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கம். அன்று சற்று உரக்கவே படித்தாள் என்பது நம் ஐயம். ‘சித்ரலேகா’ நாவலால் பெயர் பெற்ற பகவதி சரண் வர்மா (1903–1981) எழுதிய ‘பிராயச்சித்தம்’ என்னும் கதை அது. வடநாட்டில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் இதனைப் படித்திருப்பர். பெற்றோர் படித்திருக்க மாட்டார்கள். ஆதலின் கதையைச் சுருக்கிச் சொல்கின்றோம்.

ராமுவின் மனைவி 14 வயதில் புகுந்த வீட்டிற்கு வருகின்றாள். மாமியார் சாவிக் கொத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டு ஜபமாலையைக் கையில் எடுத்துக்கொள்கின்றாள். அவ்வீட்டில் கபரி என்றொரு பூனை இருக்கின்றது. அதற்கு வீட்டார் அனைவரிலும் அப்பெண்ணிடமே அன்பு. அவளுக்கோ அனைவரிலும் அதனிடமே வெறுப்பு. நெய் போகின்றது, பால் போகின்றது, கணவனுக்கென்று பிஸ்தா பாதாம் இட்டுக் காய்ச்சி உயரத்தில் வைத்த பாயசமும் கிண்ணத்தோடு கீழே விழுகின்றது. மறுநாட்காலை அவள் ஒரு கிண்ணம் பாலை வாசற்படியில் வைத்துவிட்டு, மணைப்பலகையை எடுத்து வந்து, பால் குடித்துக்கொண்டிருந்த பூனையின்மேல் முழு வலிமையோடு போடுகின்றாள். பூனை அசைவற்றுக் கவிழ்கின்றது. வீடு கலங்குகின்றது. புரோகிதர் வருகின்றார்; பூனைக் கொலைக்குக் கும்பீபாக நரகம் என்கின்றார்; பொன்னால் ஒரு பூனை செய்து தானமளிக்க வேண்டும் என்கின்றார். 21 தோலாவில் தொடங்கிய பேரம் 11 தோலாவில் முடிகின்றது. அதன்மேல் 10 மணங்கு கோதுமை முதலாக ஒரு நீண்ட பட்டியல். அந்த வேளையில் வேலைக்காரி ஓடி வந்து, பூனை எழுந்து ஓடிப்போய்விட்டது என்கின்றாள். கதை முடிகின்றது.

புரோகிதரின் பேராசையை எள்ளி நகையாடிய கதையென்று இதனை ஆசிரியர்கள் வகுப்பில் நடத்துவர். மகளின் குறிப்பேட்டிலும் அவ்வாறே எழுதியிருந்தது. தவறில்லை. ஆயினும் கதையின் இரண்டாம் பாதியை மட்டும் படித்தவர் கருத்து அது. முதற் பாதி முழுவதும் ஒரு சிறுமியின் வெகுளி வளரும் வரலாறு. அவள் உண்மையில் யார்மேல் சினந்தாள்? பிறந்த வீட்டிலிருந்து பிரிந்து வந்தவள். விளையாடும் வயதில் சரக்கறைக்குப் பொறுப்பேற்றவள். காவல் காக்கையிலேயே கண்ணயர்பவள். குறைந்த நெய்க்கும் பாலுக்கும் பெரியவர்களிடம் விடை கூற வேண்டியவள். மாமியாரும் கணவனும் அவளுக்கு அல்லிடம். வீடு முழுவதிலும் அவள் சினம் பலிக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் அவளையே சுற்றிச் சுற்றி வந்தது.

இன்னொன்றையும் காண வேண்டும். பாலை வைத்து வரவழைத்து அடித்தாள் என்கின்றார் ஆசிரியர். கணப்பொழுதில் பொங்கி எழும் வெகுளி அன்று இது. உள்ளே தங்கி நாள்தோறும் முதிர்ந்த செற்றம். நாம் அளவுகோலை எறிந்தது முதல் வகை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முயன்றோம். முடியவில்லை. காலை 11 மணிக்குத் தோன்றியது மாலை 7 மணி வரை நம்முள் தங்கியிருந்ததே, அதனை என்னென்பது?

கதையின் குறை ஒன்று உண்டு. பேரம் தொடங்கியபின் வர்மா அப்பெண்ணை மறந்துவிடுகின்றார். அவள் தலைகுனிந்து குற்றவாளிபோல் நிற்கின்றாள். பெரியவர்கள் தோலாக்கணக்குப் பேசுகின்றனர். பூனை ஓடியது என்றதும் நமக்குச் சிரிப்பு வருகின்றது. அந்தப் பூனை நாளையும் சரக்கறைக்கு வருமே, அவளும் அங்கேதானே இருப்பாள் என்ற கேள்வி கதையில் எழுவதில்லை. நாம் மகளிடம் இதனைக் கூறியபோது, சிறுகதையில் அதற்கெல்லாம் இடமில்லை என்று அவள் விடையளித்தாள். இருக்கலாம். ஆனால் ஒரு வாக்கியத்திற்கு இடமிருந்திருக்கும்.

பூனைக்குப் பொற்பூனை என்ற கணக்கைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வந்தது சிலப்பதிகாரம். அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையோன் மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைக் கண்டு, அவன் புகாரில் செய்த நற்செயல்களை எடுத்துரைக்கின்றான். அவற்றுள் ஒன்று கீரிப்பிள்ளையின் கதை. குழந்தையைக் காக்கப் பாம்பைக் கொன்று, குருதி படிந்த வாயோடு எதிரே வந்த கீரியைப் பார்ப்பனி ஒருத்தி கொன்றுவிட்ட செய்தி அது. பஞ்சதந்திரத்தில், ஆராயாது செய்தலைப் பற்றிய ஐந்தாம் தந்திரத்தில் விரிவாக வரும் இக்கதையைச் சிறுவயதில் கேளாதார் இலர்.

இளங்கோவடிகள் இதனைக் கையாண்ட முறை வியப்பானது. கொலையை அவர் வருணிக்கவே இல்லை. பாம்பு இல்லை, தொட்டில் இல்லை, குருதி இல்லை. கீரிப்பிள்ளை ‘பெரும்பிறிது’ ஆயிற்று என்று ஒரு சொல்லால் இறப்பைக் கூறிக் கடந்துவிடுகின்றார். அவர் நின்று பார்ப்பது அதற்குப் பின் நடந்ததை. கணவன் அவள் கையால் உண்ணும் வாழ்க்கை இனித் தகாது என்று வடதிசை நோக்கிப் புறப்படுகின்றான். வடமொழி வாசகம் எழுதிய ஓர் ஏட்டை, கடமையறிந்தவர் எவரிடமேனும் கொடு என்று சொல்லிச் செல்கின்றான். அவள் அழுதுகொண்டு பின்தொடர்கின்றாள். பின்னர் அந்த ஏட்டை ஏந்தி வணிகர் தெருவில் மாளிகை வாயில்தோறும் நிற்கின்றாள். (வடதிசைப் பெயர்ந்தோர் என்ற வகையில் அக்கணவனோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு, நாம் மனைவியை உடன் அழைத்து வந்தோம் என்பதே வேறுபாடு.)

அவள் செய்தது ஆராயாச் செயல் என்று உரையாசிரியர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை அனைவரும் கூறுவர். கணவன் செய்தது என்ன? அவனும் ஆராயவில்லை. பெற்ற குழந்தையின் உயிருக்கு அஞ்சி அறிவிழந்து அடித்தவளை அவன் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கீரி அவளுக்குச் செல்லிடம். அவள் அவனுக்குச் செல்லிடம். கைகளில் ஒன்று தடியெடுத்தது, மற்றொன்று ஏடெடுத்தது. ஏடெடுத்த கைக்குப் பழி கூறியவரை நாம் கண்டதில்லை.

கோவலன் செய்ததோ மிக எளியது. அவளை அழைத்து, உனக்கு உற்ற துன்பம் யாது, இஃது என்ன என்று கேட்டான். கேட்டபின்னரே ஏட்டை வாங்கினான். நூல் விதித்த தானம் செய்தான். காடு சென்ற கணவனைத் தேடிக் கூட்டினான். வாழப் பொருளும் தந்தான். வர்மாவின் கதையில் நகைப்புக்கு இடமான அதே தானம் இங்கே நகைப்புக்கு இடமாகவில்லை. ஏன்? அங்கே பேரம் பேசியவர் எவரும் அப்பெண்ணை ஒன்றும் கேட்கவில்லை. இங்கே கேட்ட பின்னரே கொடுத்தான் ஒருவன். தன் மனைவியைப் பிரிந்து வாழ்ந்த கோவலன், பிறன் மனைவியைக் கணவனோடு சேர்த்து வைத்தான் என்ற முரணையும் அடிகள் மறைக்கவில்லை.

இக்கதையை அடிகள் எங்கே வைத்தார் என்பதுதான் பெரிது. அடைக்கலக் காதையை அடுத்துக் கொலைக்களக் காதை வருகின்றது. பாண்டியன் ஆடல் மகளிரில் மனம் வைத்தான் என்று அரசி ஊடி, தலைநோய் என்று சொல்லி எழுந்து போய்விட, அவ்வூடலைத் தீர்க்க விரைந்து செல்லும் அரசனைப் பொற்கொல்லன் வாயிலில் மறிக்கின்றான். ஓர் அறையில் பிறந்த மனக்கலக்கத்தோடு வேறொரு வாயிலில் நின்று அரசன் கட்டளையிடுகின்றான். கீரியின் வாயில் குருதி இருந்தது. கோவலன் கையில் சிலம்பு இருந்தது. குருதி பாம்பினுடையது, சிலம்பு கண்ணகியுடையது. இரண்டும் மெய்யான பொருள்கள். இரண்டும் பொய்யாகப் படிக்கப்பட்டன. கீரி இறந்த துயரைத் துடைத்தவன் கீரியைப் போலவே இறந்தான். யாது உற்றது என்று அவன் ஒரு பெண்ணைக் கேட்ட கேள்வியை அவனைக் கேட்க மதுரையில் ஒருவரும் இல்லை. மாடலன் கோவலனின் புகழ்பாட வந்த துணைப் பாத்திரம் என்று நாமும் கல்லூரித் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர்தாம். இப்போது அவ்விடத்தை அவ்வாறு படிக்க முடியவில்லை.

பொய்யாகப் படிக்கப்படும் சான்று என்றோம். நாய் வளர்ப்போர் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு: தவறு செய்துவிட்டால் நாய் தலையைத் தாழ்த்தி, வாலை மடக்கி, கண்ணைத் திருப்பிக்கொள்ளும், அதற்கே தன் குற்றம் தெரிகின்றது என்பர். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இதனைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று விலக்கிய பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து அம்முகம் தோன்றவில்லை. உரிமையாளர் கடிந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தே தோன்றிற்று. தின்னாத நாயும், தின்றதாக எண்ணிக் கடிந்தபோது அம்முகத்தையே காட்டியது. நாம் அதன் முகத்தில் படிப்பது அதன் குற்றத்தை அன்று, நம் குரலை. ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியை நம் முன்னோர் எதனை எண்ணிச் சொன்னாரோ, மோர் கவிழ்ந்து சில நொடிகள் கழிந்தபின் விழும் அடிக்கும் கவிழ்ந்த மோருக்கும் உள்ள தொடர்பை எந்தப் பூனையும் அறியாது. அடித்தவரையே அது நினைவில் வைக்கின்றது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற ருக்மிணிதேவி அருண்டேல் கொணர்ந்த தனிநபர் மசோதாவே பின்னர் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழிகோலியது. பரதக் கலையோடு மட்டும் அவர் பெயரை இணைத்துப் பேசும் நம் சங்க மேடைகள் இதனை நினைப்பதில்லை. விலங்கை அடிப்பதும் உதைப்பதும் குற்றம் என்ற அச்சட்டம் முதற் குற்றத்திற்கு வகுத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. புரோகிதர் 11 தோலா கேட்டார். இரண்டில் எது நகைப்புக்குரியது என்று சொல்வது எளிதன்று.

மீண்டும் கதைக்கு வருவோம். பிரேம்சந்த் 1931இல் எழுதிய ‘இரண்டு காளைகளின் கதை’யையும் மகளின் பழைய பாடநூலில் கண்டெடுத்தோம். ஹீரா, மோதி என்னும் இரண்டு காளைகள். அவற்றை வீட்டுக்காரனின் மைத்துனன் ஓட்டிச் சென்று ஏரில் பூட்டி அடிக்கின்றான். மோதி சினந்து பாயத் துடிக்கும்போதெல்லாம் ஹீரா தடுக்கின்றது. வெகுளாமையைக் காளையின் வாயில் வைத்த துணிவைப் பலர் பாராட்டியுள்ளனர். நமக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது அங்கு வரும் சிறுமி. தாயற்றவள், சிற்றன்னையிடம் அடிபடுபவள். அவள் இரவுதோறும் காளைகளுக்கு ஆளுக்கொரு ரொட்டி கொணர்ந்து ஊட்டுகின்றாள். பின்னொரு நாள் கயிற்றையும் அவிழ்த்துவிடுகின்றாள். அவ்வீட்டில் அவளுக்கும் கீழே இருந்தவை அக்காளைகள் இரண்டுமே. வாங்கிய அடியைக் கீழே இறக்கிவிட அவளுக்குச் செல்லிடம் இருந்தது. இறக்கவில்லை. பிரேம்சந்த் அதற்குக் காரணம் எழுதி விளக்கவும் இல்லை. ரொட்டியை மட்டும் காட்டினார். வர்மாவிடம் நாம் கண்ட குறை இங்கே இல்லை.

அளவுகோல் எறிந்த மறுநாள் முதல், நம் காலடி ஓசை படிக்கட்டில் கேட்டதும் பூசை கட்டிலின் அடியில் புகுந்துகொள்ளத் தொடங்கிற்று. அதனை எதிர்பார்த்தோம். எதிர்பாராதது வேறு. அதே ஓசைக்கு நம் மகளும் புத்தகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அவள்மேல் நாம் கை ஓங்கியதில்லை. அவள் அஞ்சிப் போனாளா, சினந்து போனாளா என்று கேட்கவும் நமக்கு நாணமாயிருந்தது. கோவலன் கேட்டதை நாம் கேட்க ஒன்பது நாள் ஆயிற்று. “நாளைக்கு வேறு எதையாவது எறிவீர்களோ என்று பார்த்தேன், அப்பா” என்றாள்.

வள்ளுவர் இதற்கு ஒரு முறை வகுத்திருக்கின்றார். அதனை வெகுளாமையில் வைக்காமல் அருளுடைமையின் இறுதிக் குறளில் வைத்தார். தன்னின் மெலியார்மேல் செல்லும்போது, தன்னின் வலியார்முன் தான் நின்ற நிலையை ஒருவன் நினைக்க வேண்டும் என்பது அது. அறவுரையாகப் பலமுறை படித்திருக்கின்றோம். செய்துபார்க்கத்தக்க ஒன்றாகப் படித்ததில்லை. செய்து பார்த்தோம். காலை 11 மணிக்கு நாம் நின்ற நிலை: கைகள் பின்னால் கட்டியிருந்தன, தொண்டை வறண்டிருந்தது, கண் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, எப்போது போகச் சொல்வார் என்ற ஒன்றே மனத்தில் இருந்தது. மாலையில் கட்டிலின் அடியில், காதுகளைப் பின்னுக்கு மடித்துச் சுவரோடு ஒட்டிக் கிடந்த பூசையின் நிலை அதனின் வேறன்று.

இப்போது அலுவலகத்திலிருந்து வந்ததும் நேரே மாடி ஏறுவதில்லை. குவார்ட்டர்ஸ் எதிரே உள்ள பூங்காவை இரண்டு முறை சுற்றுகின்றோம். குளிர்காலத்தில் மூன்று முறை. வீட்டில் காலைக் கழுவி, பூசையின் தட்டில் நம் கையாலேயே உணவிட்ட பின்தான் பை திறக்கப்படுகின்றது. வெகுளி எழுந்தால் பூனையை அறையைவிட்டு விரட்டுவதில்லை. நாமே வெளியேறிப் பால்கனியில் நிற்கின்றோம். மோர் டம்ளருக்கு ஒரு தட்டைப் போட்டு மூடுகின்றோம். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாளுடையது. நூல்களில் எங்கும் கூறப்படாதது. மற்ற எல்லாவற்றினும் மிகுதியாகப் பயன்பட்டது இதுவே என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மகள் இப்போது எழுந்து போவதில்லை. வர்மாவின் கதை முடிவைப் பற்றி இன்னமும் நம்மோடு வாதிடுகின்றாள். பூசையின் கால் முற்றும் குணமாயிற்று. மேசைமேல் முன்போலவே தாவுகின்றது. ஆனால் நாம் அளவுகோலைக் கையில் எடுத்தால் மட்டும் இறங்கி அறையைவிட்டுப் போய்விடுகின்றது. கோடு போட வேண்டியிருந்தால் தாளை மடித்து அதன் ஓரத்தை வைத்துப் போட்டுக்கொள்கின்றோம்.